செல்லோவின் வேலை என்ன? ஒரு பியானோ ட்ரியோ கச்சேரி

"அடுத்து வருவது புதிய படைப்பு. பயப்பட வேண்டாம், கால் மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் இடைவேளை, அதற்கப்புறம் ராவெல் இருக்கிறார்."

கச்சேரியின் நடுவில் மேடைக்கு வந்த ஏற்பாட்டாளர் ஒருவர் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னார். அரங்கம் சிரித்தது. உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்குவதற்காக எழுதுவது.

வேலை விஷயமாக இரண்டு வாரம் பாரிஸில் இருந்தபோது போன கச்சேரி இது. சின்ன அரங்கம், இருநூறு பேர் உட்காரலாம். வாசித்த மூவரும் நல்ல திறமைசாலிகள். பெயர்களை எழுதப் போவதில்லை. நான் சொல்லவருவது அவர்களைப் பற்றி மட்டுமல்ல, ட்ரியோ என்ற வடிவத்தைப் பற்றியும், பழசையும் புதுசையும் ஒரே மாலையில் எப்படிக் கேட்பது என்பதைப் பற்றியும்தான்.

நிகழ்ச்சி நிரல் இது:

ஹைடன், ஜி மேஜர் ட்ரியோ (1795)
கையா சாரியாஹோ, 'லைட் அண்ட் மேட்டர்' (2014)
இடைவேளை
ராவெல், ஏ மைனர் ட்ரியோ (1914)

நான் முறையாக இசை படித்தவன் இல்லை. இருபது வருஷமாக சேம்பர் இசை கேட்கிறேன், கொஞ்சம் படிக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு ரொம்ப நாளாக ஒரு அபிப்பிராயம் இருந்தது. நாலு தந்தி வாத்தியங்கள் சேர்ந்த குவார்ட்டெட்தான் உயர்ந்த வடிவம், பியானோ ட்ரியோ என்பது ஒரு பியானோவும் அதற்கு இரண்டு எடுபிடிகளும் என்று. அன்றைக்கு அந்த அபிப்பிராயம் உடைந்தது. உடைத்தது ராவெல் இல்லை, ஹைடனும் சாரியாஹோவும் அடுத்தடுத்து வந்ததுதான்.

ட்ரியோவின் அடிப்படைச் சிக்கல்

குவார்ட்டெட்டில் இருக்கிற நாலும் ஒரே குடும்பம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. எல்லாம் வில்லால் இழுப்பவை. ஒலிகள் இயல்பாகவே ஒன்றுக்குள் ஒன்று கரையும். ட்ரியோவில் அந்த வசதி கிடையாது. பியானோ என்பது சுத்தியலால் தந்தியைத் தட்டும் வாத்தியம். தட்டின கணத்தில்தான் ஒலி உச்சத்தில் இருக்கும், அடுத்த கணத்திலிருந்து தேய ஆரம்பித்துவிடும். என்ன வித்தை செய்தாலும் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு அதைப் பெரிதாக்க பியானோவால் முடியாது. வில் வாத்தியம் இதற்கு நேர் எதிர். சுரத்தை ஒன்றுமில்லாததிலிருந்து வளர்க்கலாம், அப்படியே நிறுத்திவைக்கலாம், திரும்ப வளர்க்கலாம்.

நம் ஊர் உதாரணம் சொன்னால், வீணையில் ஒரு மீட்டின் ஒலி தேய்ந்துபோவதையும் வயலினில் அதே சுரம் நீண்டு நிற்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வகை ஒலிகளையும் ஒன்றாக உட்காரவைத்து, யாரும் யாரையும் விழுங்கிவிடாமல் எழுத வேண்டும். ட்ரியோ எழுதிய எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதியிருக்கிறார்கள். பதிலைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, செல்லோவுக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. அதனால் அன்று மாலை முழுக்க நான் செல்லோ வாசித்த பெண்மணியின் வில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹைடன்: கேட்காத செல்லோ

ஹைடன் இந்த ட்ரியோவை எழுதியபோது அவருக்கு வயது 60க்கு மேல். இரண்டாவது முறையாக லண்டனில் இருந்தார். 1795ல் லண்டனில் அச்சான மூன்று ட்ரியோக்களில் இது ஒன்று. அங்கே அவரிடம் பியானோ கற்ற ரெபெக்கா ஷ்ரோட்டர் என்ற விதவைக்கு மூன்றையும் சமர்ப்பணம் செய்தார். கடைசிப் பகுதியில் ஹங்கேரி ஜிப்ஸி பாணி இருப்பதால் 'ஜிப்ஸி ட்ரியோ' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் இவற்றை 'ட்ரியோ' என்றே அச்சிடவில்லை. பியானோவுக்கான சொனாட்டாக்கள், வயலின் மற்றும் செல்லோ துணையுடன் என்றுதான் முகப்பில் போட்டார்கள். செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கை வாசிப்பதையே திரும்ப வாசிக்கும். இதைப் பார்த்துவிட்டு "பாவம், செல்லோவுக்கு வேலையே இல்லை" என்று எழுதுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அன்றைய நிகழ்ச்சிக் கையேட்டிலும் அதே வாக்கியம் கொஞ்சம் மாறி இருந்தது.

ஆனால் ஹைடன் காலத்து பியானோ வேறு வாத்தியம். மரச் சட்டம், தோல் போர்த்திய சின்னச் சுத்தியல்கள், ஏறக்குறைய ஐந்து ஸ்தாயி. அதன் கீழ் சுரங்கள் தெளிவாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடது கையின் சுரத்தைச் செல்லோவும் சேர்ந்து வாசிக்கும்போது பியானோ அதற்கு ஆரம்பத்தைக் கொடுக்கிறது, செல்லோ நீளத்தைக் கொடுக்கிறது. இரண்டு வாத்தியங்கள் சேர்ந்து ஒரு ஒலி. சார்ல்ஸ் ரோஸன் 1971ல் வெளியான 'தி கிளாசிக்கல் ஸ்டைல்' நூலில் ஹைடனின் ட்ரியோக்களுக்காகத் தனி அத்தியாயமே ஒதுக்கி இந்த நியாயத்தை விளக்கியிருக்கிறார். ஆக செல்லோ அங்கே எடுபிடி இல்லை. பியானோவின் ஒரு குறையை நிரப்பும் பாதி வாத்தியம்.

இப்போது மேடையில் இருப்பது இரும்புச் சட்டம் போட்ட, அரை டன் எடையை நெருங்கும், 88 கட்டைகள் கொண்ட கான்சர்ட் கிராண்ட். அதன் கீழ் சுரங்களுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. நாங்கள் சாஃப்ட்வேரில் சொல்வதுபோல, எந்தப் பிரச்சினைக்காக அந்தப் பகுதியை எழுதினார்களோ அந்தப் பிரச்சினை காணாமல்போய்விட்டது, எழுதினது மட்டும் அப்படியே இருக்கு.

முதல் பகுதியில் இதுதான் நடந்தது. நிதானமான ஒரு மெட்டும் அதன் மாறுபாடுகளும். பியானோவின் மூடியை முழுசாகத் திறந்துவைத்திருந்தார்கள். செல்லோக்காரரின் வில் போய்வந்துகொண்டிருப்பது தெரிந்தது, ஒலி கேட்கவில்லை. எவ்வளவு உற்றுக் கேட்டும் பயனில்லை. பியானோ வாசித்தவரின் விரல்கள் அற்புதமானவை, ஆனால் அவர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பகுதியில் ஏதோ மாறியது. மெதுவான இசை. பியானோக்காரர் இடது கையைச் சட்டென்று இலகுவாக்கினார், கீழ் சுரங்களைத் தொட்டவுடனே விட்டுவிட்டார். உடனே செல்லோ அரங்கத்துக்குள் வந்தது. சத்தமாக இல்லை, தரை கொஞ்சம் உறுதியானமாதிரி. நடுவில் வயலின் மெட்டை எடுத்துக்கொண்டபோது மூவரும் ஒரே மூச்சில் இருந்தார்கள். ஹைடனைப் பொறுத்தவரை அன்றைய மாலையின் நிஜமான சாதனை இந்தச் சில நிமிஷங்கள்தான். புது பியானோவிலும் முடியும், இடது கை விட்டுக்கொடுத்தால் போதும்.

ஜிப்ஸி பகுதியில் பழையபடி ஆகிவிட்டது. வேகம், அதிரடி, கைதட்டல். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு அழுத்தத்தையும் கையெழுத்துக்குக் கீழே கோடு போடுகிற மாதிரி அடித்து வாசித்ததில் நகைச்சுவை போயிடுச்சு. ஹைடனின் ஜோக்குக்கு முன்கூட்டியே சிரிக்கக் கூடாது.

சாரியாஹோ: அதே கேள்வி, 219 வருஷம் கழித்து

அப்புறம்தான் அந்த மன்னிப்பு அறிவிப்பு.

கையா சாரியாஹோ 1952ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். 1982ல் பாரிஸுக்கு வந்து, ஒலியைக் கணினியால் ஆராயும் இர்காம் நிறுவனத்தில் பணியாற்றினார். 2023 ஜூனில் இறக்கும்வரை பாரிஸ்தான் அவர் ஊர். நாற்பது வருஷம் அந்த ஊரில் வாழ்ந்தவரின் படைப்பை அந்த ஊரிலேயே பயந்துபயந்து அறிமுகம் செய்வது கொஞ்சம் விசித்திரம்தான்.

'லைட் அண்ட் மேட்டர்' எழுதியபோது அவர் நியூயார்க்கில் இருந்தார். ஜன்னல் வழியாக மார்னிங்சைட் பார்க்கின் வெளிச்சம் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்தபடி எழுதியது என்று சொல்லியிருக்கிறார். மினுங்கும் இலைகள் ஒரு பக்கம், அசையாத மரத்தண்டுகள் இன்னொரு பக்கம். ஒளி, பொருள் என்ற தலைப்பு அப்படி வந்தது. இசையிலும் மூன்று அடுக்குகள் உண்டு: துறுதுறுவென்று அசையும் மெல்லிய இழை, சின்னச்சின்ன மெட்டுத் துணுக்குகள், மெதுவாக நகரும் சுரக்கூட்டங்கள்.

சாரியாஹோ உலகத்தில் நுழைய ஒரு சாவி தேவை. பழைய மேற்கத்திய இசையில் பதற்றமும் தளர்வும் சுரங்களின் இசைவிலிருந்தும் முரணிலிருந்தும் வரும். இவர் அந்த இடத்தில் தெளிவான ஒலிக்கும் இரைச்சலுக்கும் நடுவிலான தூரத்தை வைத்து யோசித்தவர். ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு வில்லை மெல்லத் தந்தியின் தாங்கி மரத்தை நோக்கி நகர்த்தினால் ஒலி கண்ணாடித் தூள் மாதிரி உடையும். வில்லை அழுத்தினால் கரகரக்கும். திரும்ப விட்டால் தெளியும். மெட்டு எங்கே போகிறது என்று தேடினால் தொலைந்துபோவீர்கள். ஒலியின் தன்மை எப்படி மாறுகிறது என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும்.

எனக்கு முதல் இரண்டு நிமிஷம் பிடி கிடைக்கவில்லை. அப்புறம் பழக்கதோஷத்தில் செல்லோவின் வில்லைப் பார்த்தேன். பார்த்தவுடனே புரிந்தது. பியானோ ஒரு சுரத்தைத் தட்டுகிறது, அது தேயத் தொடங்கும் இடத்தில் செல்லோ உள்ளே நுழைந்து அந்த ஒலியின் மிச்சத்தை எடுத்துக்கொண்டு வேறு நிறத்துக்குப் போகிறது. பியானோ எங்கே முடிந்தது, செல்லோ எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. ஆரம்பத்தைக் கொடுப்பது பியானோ, நீளத்தைக் கொடுப்பது செல்லோ.

இதைத்தான் அரை மணி நேரம் முன்னால் ஹைடனில் கேட்டேன்!

மெல்லிசாக ஒரு மின்சாரம் ஓடினமாதிரி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ட்ரியோ எழுதியவர்கள் செல்லோவைப் பியானோவின் நிழலிலிருந்து விடுதலை செய்தார்கள். பேத்தோவனின் 'ஆர்ச்டியூக்' ட்ரியோ, ஷூபர்ட், மெண்டல்சோன் எல்லாவற்றிலும் செல்லோ ஒரு கதாபாத்திரம். அதற்குத் தனி வசனம் உண்டு. சாரியாஹோ அந்த விடுதலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இருந்த, எல்லோரும் குறை என்று ஒதுக்கிய அந்தக் கூட்டு ஒலியை, தெரிந்தோ தெரியாமலோ, வேறொரு கதவு வழியாக வந்து திரும்ப எடுத்திருக்கிறார். ஹைடனிடம் அது பியானோவின் போதாமைக்கு மருந்து. சாரியாஹோவிடம் அதே போதாமைதான் கதையின் கரு. ஒலி இறந்துபோவதை மறைக்காமல், அது எப்படி இறக்கிறது என்பதையே நமக்குக் காட்டுகிறார்.

வாசிப்பு? ஹைடனில் ஒருவரையொருவர் கேட்க மறந்த அதே மூவர் இங்கே காதைத் தீட்டிவைத்துக்கொண்டு வாசித்தார்கள். வேறு வழியில்லை, இந்த இசையில் ஒருவரையொருவர் கேட்காவிட்டால் ஒன்றுமே நடக்காது. நடுவில் சுரக்கூட்டங்கள் மெதுவாக நகரும் இடத்தில் என் கவனம் கொஞ்சம் நழுவியது. அசைவின்மையே அங்கே விஷயம் என்றாலும் அதற்குள் ஒரு அழுத்தம் இருக்க வேண்டும், அது தளர்ந்திருந்தது. பழைய சிமிட்டல் திரும்ப வந்தபோது அரங்கத்தில் இருமல் சத்தம் முழுசாக நின்றிருந்தது. சிரித்த கூட்டம்தான் அது.

ராவெல்: இடம் விட்டு உட்காருதல்

ராவெலுக்கு ட்ரியோவின் சிக்கல் நன்றாகத் தெரியும். அவர் தீர்வு கட்டடக்கலை மாதிரி. பல இடங்களில் வயலினையும் செல்லோவையும் ஒரே மெட்டில் இரண்டு ஸ்தாயி தள்ளி உட்காரவைத்துவிட்டு, நடுவில் பியானோவின் வலது கையை வைப்பார். மூவருக்கும் தனித்தனி மாடி. யாரும் யார் மேலும் இடிக்க மாட்டார்கள். முதல் பகுதியின் மெட்டு எட்டு துடிப்புகளை மூன்று, இரண்டு, மூன்று என்று பிரித்து நொண்டும். பாஸ்க் நடன லயத்தின் சாயல் அது. ராவெல் பிறந்த மண் அது, 1914 கோடையில் இதை எழுதியதும் அதே கடற்கரையில். மூவரும் இதை நிதானமாக, சர்க்கரை சேர்க்காமல் வாசித்தார்கள்.

இரண்டாம் பகுதிக்கு ராவெல் வைத்த பெயர் 'பாந்தூம்'. மலாய் மொழியின் பந்துன் கவிதையிலிருந்து பிரெஞ்சுக் கவிஞர்கள் எடுத்துக்கொண்ட வடிவம். ஒரு பத்தியின் இரண்டாவது, நாலாவது வரிகள் அடுத்த பத்தியின் முதல், மூன்றாவது வரிகளாகத் திரும்ப வரும். அந்தாதி தெரிந்த நமக்கு இந்த ஆட்டம் உடனே பிடிபடும், இங்கே இரட்டைப் பின்னலாக வருகிறது, அவ்வளவுதான். இரண்டு மெட்டுகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டே போக, நடுவில் தந்திகள் பழைய தாளத்தில் ஓடிக்கொண்டிருக்க பியானோ மட்டும் வேறு தாளத்தில் அகலமான மெட்டு ஒன்றை விரிக்கும். அந்த இடத்தைச் சிரமமே தெரியாமல் கடந்தார்கள்.

மூன்றாம் பகுதி பஸ்ஸகாலியா. பியானோவின் அடிமட்டத்தில் ஒற்றை வரி தொடங்கி, செல்லோவுக்கு ஏறி, வயலினுக்கு ஏறி, உச்சத்தைத் தொட்டு, வந்த வழியே இறங்கி, கடைசியில் பியானோவின் அதே ஆழத்தில் தனியாக அடங்கும். அன்று நான் கேட்ட மிக நல்ல வாசிப்பு இதுதான். செல்லோ அந்த வரியைப் பியானோவிடமிருந்து வாங்கிய விதம், ஒரு வீட்டில் விளக்கைக் கைமாற்றிக் கொடுக்கிற மாதிரி.

கடைசிப் பகுதி வேறு மாதிரி. அந்த ஆகஸ்டில் போர் வந்துவிட்டது. ராவெல் படையில் சேரும் அவசரத்தில் இரவு பகலாக வேலை செய்து ட்ரியோவை முடித்தார். பின்னர் ராணுவ லாரி ஓட்டினார். அந்தப் பகுதியில் தன் கட்டடக்கலையை அவரே மீறுகிறார். பியானோ கனத்த சுரக்கூட்டங்களை முழங்க, வயலினும் செல்லோவும் நீண்ட ட்ரில்களில் நடுங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கத்துச் சுரங்களை வேகமாக மாற்றிமாற்றி வாசிப்பதுதான் ட்ரில். இந்த இடத்தை நான் எப்போதும் ட்ரியோவின் தோல்வி என்றே நினைத்திருந்தேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆர்கெஸ்ட்ரா ஆக முயல்கிறார்கள், தந்திகள் பின்னணி இரைச்சல் ஆகிவிடுகின்றன என்று.

அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் சாரியாஹோவின் நடுங்கும் தந்திகளைக் கேட்ட காதுக்கு, ராவெலின் ட்ரில் பின்னணி இல்லை. பியானோவின் முழக்கம் தேயும் இடங்களிலெல்லாம் அதை அணையவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வெளிச்சம் அது. 1914ல் ராவெல் அவசரத்தில் தொட்ட ஒரு ஒலியை, ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொருவர் நிதானமாக முழுப் படைப்பாக்கியிருக்கிறார் என்று தோன்றியது. இது வரலாற்று உண்மை என்று நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. என் காது அன்று அப்படிக் கேட்டது, அதற்குக் காரணம் நிகழ்ச்சி நிரலின் வரிசை.

அந்த மன்னிப்பைப் பற்றி

புதுப் படைப்பை முதல் பாதியின் கடைசியில், பிரபலமான இரண்டுக்கு நடுவில் வைப்பது கச்சேரி உலகின் பழைய தந்திரம். லேட்டாக வந்து தப்பிக்க முடியாது, சீக்கிரம் கிளம்பியும் தப்பிக்க முடியாது. கசப்பு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிற புத்தி.

என் புகார் வரிசையைப் பற்றி இல்லை. இந்த வரிசை அருமையான வரிசை. ஒருவேளை அமைத்தவர்களுக்கே அதன் அருமை தெரியவில்லை என்பதுதான் புகார். "பயப்பட வேண்டாம்" என்று சொல்வதற்குப் பதிலாக "ஹைடனில் செல்லோ பியானோவின் ஒலியை எப்படி நீட்டியது என்று கேட்டீர்கள் அல்லவா, இப்போது அதையே வேறு விதமாகக் கேளுங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வரிக்கு இரண்டு லாபம். சாரியாஹோ அந்நியர் இல்லை என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்கும். ஹைடனின் முதல் பகுதியில் செல்லோவைக் கேட்கவைக்க வேண்டிய பொறுப்பும் வாசித்தவர்களுக்கு நினைவில் இருந்திருக்கும்.

புதிய படைப்புக்காக மன்னிப்பு கேட்பது புதியதை மட்டும் அவமதிப்பதாக நினைக்கிறோம். பழையதையும் அது கெடுக்கிறது. ஹைடன் என்றால் பாதுகாப்பானவர், இனிமையானவர், யோசிக்காமல் கேட்கலாம், யோசிக்காமல் வாசிக்கலாம் என்று ஆகிவிடுகிறது. அன்று அந்த முதல் பகுதி யோசிக்காமல்தான் வாசிக்கப்பட்டது.

வீட்டில் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. ஹைடனின் ட்ரியோக்கள் அனைத்தையும் போ ஆர்ட்ஸ் ட்ரியோ இன்றைய வாத்தியங்களில் பதிவு செய்திருக்கிறது. கடைசி நாலு ட்ரியோக்களை ராபர்ட் லெவின், வேரா பெத்ஸ், ஆன்னர் பில்ஸ்மா மூவரும் ஹைடன் காலத்து வாத்தியங்களில் வாசித்திருக்கிறார்கள். அந்த நாலில் ஏதாவது ஒன்றை எடுத்து இரண்டு பதிவுகளிலும் கேளுங்கள். மெட்டை விட்டுவிட்டு, அடியில் செல்லோ இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கவனியுங்கள். பிறகு உடனே 'லைட் அண்ட் மேட்டர்'. அதே செல்லோவைத் தேடுங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது.

நான் ஊருக்குத் திரும்பின பிறகு இந்த வரிசையில் மூன்று தடவை கேட்டுவிட்டேன். இரண்டாவது தடவையிலேயே அந்தக் கால் மணி நேரம் சின்னதாகிவிட்டது.